கடைசி ஆளின் கயிறு

ஃபோல்கே முப்பத்துநான்கு வருஷம் மருந்துக்கடையில் நின்றவர் என்பதை யாரும் சொல்ல வேண்டாம், அவருடைய கார் கொட்டகையைப் பார்த்தாலே போதும். ஆணிகள் அளவுவாரியாக ஜாடிகளில், ஜாடிக்கு ஜாடி சீட்டு. ரம்பத்துக்கு ஒரு கொக்கி, அந்தக் கொக்கிக்கு மேல் ரம்பத்தின் படம். அறுபத்தோராம் வயதில், வாழ்க்கையில் முதல்முறையாக, பார்பரோவைக் கல்யாணம் செய்துகொண்டபோது அவள் கொண்டுவந்த சாமான்களுக்கும் அதே கதிதான். அவளுடைய சறுக்குக் கத்திகள், முதுகுப்பை, பனியைத் தட்டிப் பார்க்கும் இரும்புமுனைத் தடி எல்லாம் ஒரே வாரத்தில் பெயர்ச்சீட்டோடு சுவரில் ஏறிவிட்டன. பார்பரோ சிரித்துக்கொண்டாள்.

அந்தச் சாமான்களோடு ஓர் எறிகயிறும் வந்திருந்தது. இருபது மீட்டர் மிதக்கும் கயிறு, உள்ளங்கையில் அடங்குகிற பைக்குள். உறைந்த ஏரியில் நெடுந்தூரம் சறுக்கப் போகிறவர்கள் எல்லோரும் இதைத் தோள்வாரில் மாட்டியிருப்பார்கள். பனி உடைந்து ஒருவர் தண்ணீருக்குள் போனால், உறுதியான பனியில் நிற்பவர்களை நோக்கித் தன் கயிற்றுப் பையை எறிய வேண்டும். அவருக்குக் கை விறைத்துப்போனால் நிற்பவர்கள் அவரை நோக்கி எறிவார்கள். பார்பரோவின் கயிறு அந்தப் பைக்குள் கசக்கிப்போட்ட அழுக்குத்துணி மாதிரி திணித்துக் கிடந்தது. ஃபோல்கேவுக்கு மனசு பொறுக்குமா? வெளியே எடுத்து, அலசி, காயவைத்து, எட்டு எட்டாகச் சுற்றி, காய்கறிக் கடையில் வெங்காயத்தாள் கட்டோடு வரும் நீல ரப்பர் வளையம் இரண்டைப் போட்டு இறுக்கி, உள்ளே வைத்தார். தனக்கென்று புதிதாக வாங்கிய கயிற்றுக்கும் அதே அலங்காரம். பிறகு இரண்டு பைகளையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவிட்டு, கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டார்.

பார்பரோ அவர்களுடைய சறுக்குக் குழுவுக்கு வழிகாட்டி. மெலாரன் ஏரி உறையத் தொடங்கினால் அவளுக்கு வீட்டில் கால் தரிக்காது. முன்னால் தடியால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு அவள் போக, பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாகப் போவார்கள். வரிசையின் கடைசியில் ஒருவர். அந்தக் கடைசி ஆள் ஏதோ மெதுவாக வருகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. முன்னால் யார் விழுந்தாலும், குறிப்பாக வழிகாட்டி விழுந்தால், கயிற்றோடு வந்து நிற்க வேண்டியவர் அவர்தான். பத்தொன்பது குளிர்காலம் அந்த இடத்தில் டோர்கெல் என்ற படகு மெக்கானிக் இருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அது ஃபோல்கேவுக்கு வந்தது. டோர்கெல் பெருந்தன்மையாகத்தான் விட்டுக்கொடுத்தார். ஆனால் மாதம் ஒருமுறையாவது அந்தப் பெருந்தன்மையை எல்லோருக்கும் ஞாபகப்படுத்துவார்.

இரண்டு குளிர்காலமாக ஃபோல்கே அந்த இடத்தில் இருந்தார். அதில் அவருக்கு இருந்த சந்தோஷத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இத்தனை வருஷம் ஊருக்கே மாத்திரை எண்ணிக் கொடுத்தவர்தான், ஆனால் ஒரு மனுஷி தன் உயிருக்கு அவரை நம்பி முன்னால் போவது இதுதான் முதல்முறை. சறுக்கிக்கொண்டே போகையில் அவ்வப்போது பார்பரோ தலையைத் திருப்பி, வரிசைக்கு மேலாக அவரைப் பார்ப்பாள். அவர் கையை உயர்த்துவார். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று அவருக்குக் கணக்குத் தெரியும். பதினேழு முறை திரும்பிப் பார்த்த நாளும் உண்டு. அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அவர் சும்மாவே சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு வருஷமும் பருவத் தொடக்கத்தில் குழுவில் விழுந்து எழும் பயிற்சி உண்டு. பனியில் வேண்டுமென்றே ஒரு குழி அறுத்து, வேண்டுமென்றே அதில் விழ வேண்டும். ஃபோல்கே வந்த முதல் வருஷம் அவருக்கு மார்புச்சளி, பக்கத்திலிருந்து கவனித்ததில் பார்பரோவும் போகவில்லை. போன வருஷம் தொடக்கத்தில் குளிர் சரியாகப் பிடிக்காமல் பயிற்சியே நடக்கவில்லை. இந்த வருஷம் ஜனவரியிலேயே ஏரியின் குடா முழுக்க ஒரு சாண் கனத்துக்குப் பனி கட்டிவிட்டது. போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை ஏரியின் வெளிப்பகுதிக்கு நீண்ட பயணம். அங்கே புதிதாக உறைந்த கறுப்புப் பனி, கண்ணாடி மாதிரி கிடக்கிறது என்று செய்தி. வழிகாட்டி பார்பரோ. வியாழக்கிழமைப் பயிற்சியில் தேறியவர்தான் அவளுக்குக் கடைசி ஆள்.

பயிற்சியை நடத்துகிறவள் யில்வா. அவசர ஊர்தியில் வேலை பார்க்கிறவள், முப்பத்தைந்து வயது இருக்கும், தயவுதாட்சண்யம் கிடையாது. அவளுக்கு ஒரே ஒரு சட்டம். காரை விட்டு இறங்கியபோது உன்மேல் என்ன தொங்குகிறதோ அதோடுதான் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். வாகனம் நிறுத்துமிடத்தில் பையைத் திறந்து எதையாவது சரிசெய்கிறவர்களை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். ஏரி உன்னைக் கேட்டுக்கொண்டா விழவைக்கப்போகிறது என்பாள்.

ஃபோல்கேவுக்குத் திறந்து பார்க்க என்ன இருக்கிறது? எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி. பக்கத்தில் டோர்கெல் தன் முதுகுப்பையை இறக்கினார். அதிலிருந்து நாய் வாடையும் ஊறுகாய் மீன் வாடையும் சேர்ந்து வந்தன. அவருடைய கயிற்றுப் பையின் வாயில் கயிறு பிதுங்கிக்கொண்டு நின்றது. ஃபோல்கே அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார். பாவம், மனைவி இல்லாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டதும் உண்மை.

குழி ஒரு கட்டில் அளவு இருந்தது. அறுத்தெடுத்த பனிப்பாளங்களை ஓரமாக அடுக்கியிருந்தார்கள். குழியிலிருந்து பத்து மீட்டரில் ஊசியிலைக் கிளைகளால் ஒரு கோடு. காப்பாற்ற நிற்கிறவர்கள் அதைத் தாண்டக் கூடாது, தாண்டினால் அவர்களும் உள்ளே போனதாகக் கணக்கு. விழுகிறவரின் இடுப்பில் யில்வா ஒரு காவல்கயிறு கட்டிவிடுவாள். அதை அவள் இழுக்கும்படி ஆனால் தேறவில்லை என்று அர்த்தம்.

முதலில் பார்பரோ. வழிகாட்டிதான் முதலில் விழ வேண்டும் என்பது வழக்கம். அவள் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு, கடைக்குப் போகிறவள் மாதிரி சறுக்கிக்கொண்டு போய்க் குழிக்குள் இறங்கினாள். தண்ணீர் கழுத்துவரை வந்தது. முதுகுப்பைக்குள் இருந்த நீர்புகாப் பை அவளை மிதக்கவைத்தது. இரண்டு முறை மூச்சு முட்டியது, மூன்றாவது முறை சீரானது. தோளிலிருந்து கயிற்றுப் பையைக் கழற்றி, கோட்டுக்கு இப்பால் நின்ற ஃபோல்கேவைப் பார்த்து எறிந்தாள்.

கயிறு விரியவில்லை. சுற்றிவைத்த உருண்டை அப்படியே பையை விட்டு வெளியே வந்து, மூன்று மீட்டர் தள்ளிப் பனியில் தொப்பென்று விழுந்தது. நீல ரப்பர் இரண்டும் அதன்மேல் பத்திரமாக இருந்தன.

"அடுத்து, கடைசி ஆளோட கயிறு" என்றாள் யில்வா. ஃபோல்கே தன் பையைக் கழற்றினார், கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு பலம்கொண்டமட்டும் எறிந்தார். முனைப்பக்கம் மட்டும் கொஞ்சம் கழன்று, அது முதல் உருண்டைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. இரண்டும் ஒரே அளவு, ஒரே சுற்று, ஒரே ரப்பர். கொட்டகைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கியது போலவே பனியிலும் கிடந்தன. ஃபோல்கே தன் கயிற்றை இழுத்து ரப்பரைப் பிய்க்கப் பார்த்தார். குளிரில் கட்டையாகியிருந்த ரப்பர் முடிச்சுக்குள் போய் மாட்டிக்கொண்டது. கையுறையைக் கழற்றினார், பல்லால் கடித்தார். பார்பரோவின் உதடு நீலமாகத் தொடங்கியதை அவர் பார்த்தார்.

"டோர்கெல், உன்னுது" என்றாள் யில்வா.

டோர்கெல்லின் அழுக்குப் பை காற்றில் பறந்தது. கயிறு அதன் வாயிலிருந்து சரசரவென்று தானாகவே கழன்றுகொண்டே போய், பார்பரோவின் தோளுக்குமேல் விழுந்தது. அவள் பிடித்துக்கொண்டாள், டோர்கெல் இழுத்தார், அவள் கழுத்தில் தொங்கிய ஆணிப்பிடிகளைப் பனியில் குத்தி வயிற்றால் ஊர்ந்து வெளியே வந்தாள். மொத்தம் நாலு நிமிஷம்கூட இல்லை.

ஃபோல்கே ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள், அது அவர் காதில் விழவில்லை. இரண்டு குளிர்காலம், நாற்பதுக்கு மேல் பயணங்கள். ஒவ்வொன்றிலும் அவளுக்குப் பின்னால் தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். உண்மையில் அவளுக்குப் பின்னால் யாருமே இருந்ததில்லை. போதாததற்கு அவளிடம் இருந்த நல்ல கயிற்றையும் அவர் கையாலேயே கட்டிப்போட்டிருக்கிறார்.

டோர்கெல் பக்கத்தில் வந்து உருண்டையைக் குனிந்து பார்த்தார்.

"அழகா இருக்குப்பா. சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

மருந்துக்கடைக்காரரிடம் இந்த ஒரு கேள்வியோடு அவர் நிறுத்திக்கொண்டதே பெரிய விஷயம். கயிற்றைச் சுற்றிவைத்தால் சுற்று சுற்றைப் பிடித்துக்கொள்ளும், கையால் கண்டபடி திணித்தால்தான் போன வழியே திரும்பி வரும் என்று அவரே விளக்கினார். இது குழுவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தெரியும் என்று நினைத்து யாரும் ஃபோல்கேவுக்குச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

யில்வாவின் கோபம் ஃபோல்கேமேல் திரும்பும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அது நேராகப் பார்பரோவிடம் போனது. உன் கயிற்றை நீ கடைசியாக எப்போது எறிந்து பார்த்தாய் என்று கேட்டாள். பார்பரோ அப்போது கம்பளிக்குள் உட்கார்ந்து, உலர்ந்த காலுறைக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தாள்.

"இவன் கட்டினப்புறம் எறிஞ்சு பாக்கல. பொறந்தநாள் பொட்டலம் மாதிரி கட்டி வச்சிருந்தான். பிரிக்க மனசு வரல."

பதினைந்து வருஷ வழிகாட்டி பேசுகிற பேச்சா இது என்று யில்வா கேட்டாள். இல்லை என்று பார்பரோ ஒப்புக்கொண்டாள். அவள் முகம் சிவந்திருந்தது, குளிரால் மட்டும் அல்ல. ஃபோல்கேவுக்கு அந்த நேரத்தில் அவமானமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. எதை முதலில் வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு டோர்கெல் கடைசி ஆள் என்று யில்வா முடித்துவிட்டாள். டோர்கெல் மறுக்கவில்லை. ஃபோல்கே அவளிடம் போய் இன்னொரு முறை கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும், ஆனால் தண்ணீருக்குள்ளிருந்துதான் என்றாள் அவள். நீயே விழ வேண்டும், நீயே திணித்த கயிற்றை நீயே எறிந்து வெளியே வர வேண்டும். அப்புறம் பார்பரோவின் கயிற்றையும் கோட்டில் நின்று எறிந்து காட்ட வேண்டும். ஃபோல்கேவுக்கு வீட்டுக் குளியல் தொட்டியிலேயே தண்ணீர் சுட வேண்டும். சரி என்றார்.

இனித் திணிக்க வேண்டும். இதுதான் கஷ்டம். பனியில் மண்டியிட்டு, ஈரக் கயிற்றை எடுத்துப் பைக்குள் விட்டால், அவருடைய விரல்கள் அவரைக் கேட்காமலே எட்டுப் போடத் தொடங்கின. அவிழ்த்தார். திரும்பவும் தொடங்கினார், திரும்பவும் எட்டு. முப்பத்துநான்கு வருஷப் பழக்கம் ஐந்து நிமிஷத்தில் போகுமா? எதிரே பார்பரோ சூடான புளுபெர்ரிப் பழச் சூப் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தபடி இருந்தாள்.

"கயித்தப் பாக்காத" என்றாள். "என்னப் பாரு. பாத்துக்கிட்டே திணி."

அவர் அவளைப் பார்த்தார். ஈரத் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது, மூக்கு நுனி சிவந்திருந்தது, மேலுதட்டில் சூப்பின் ஊதா நிறம். கை தன் பாட்டுக்குத் திணித்தது. குழந்தை வாயில் சோறு அடைக்கிற மாதிரி அவசர அவசரமாக, ஒரு கைப்பிடி, இன்னொரு கைப்பிடி. குனிந்து பார்த்தபோது பை நிறைந்திருந்தது. வாயில் கயிறு பிதுங்கிக்கொண்டு நின்றது. அவருக்கு அதைக் காணச் சகிக்கவில்லை. இருந்தாலும் அப்படியே மாட்டிக்கொண்டார்.

குழிக்குள் இறங்கியதும் அவருக்கு உலகத்தில் இருந்த எல்லா எண்ணமும் போய்விட்டது. மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. யில்வா எண்ணுவது கேட்டது. ஏழு என்றபோது மூச்சு வந்தது. பையைக் கழற்றினார். விரல் உறைந்த இறைச்சித் துண்டு போல மரத்திருந்தது. கோட்டுக்கு அப்பால் கம்பளி போர்த்திய உருவம் ஒன்றும், அதற்குப் பக்கத்தில் அகலமான டோர்கெல்லும் தெரிந்தார்கள். எறிந்தார்.

கயிறு போனது. அதன் சரசரப்பு அவர் காதருகே கேட்டது. பை பார்பரோவின் தலைக்கு மேலே பறந்து, அவளுக்குப் பின்னால் பனியில் விழுந்து இன்னும் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போனது. அவள் கயிற்றை எட்டிப் பிடித்தாள். டோர்கெல் கைகொடுக்க வந்தபோது வேண்டாம் என்று தலையசைத்தாள். ஆனாலும் அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார், நல்லவேளை, இரண்டு பேர் இழுத்தும் ஃபோல்கே லேசில் வரவில்லை. ஆணிப்பிடிகளைக் குத்தி, முழங்கையை ஊன்றி, மீன் மாதிரி வயிற்றால் தேய்த்துக்கொண்டு கோடுவரை வந்து சேர்ந்தார்.

உடை மாற்றிய கையோடு பார்பரோவின் கயிற்றையும் திணித்து எறிந்தார். முதல் தடவை குழிக்கு இடப்பக்கம் விலகிப் போனது. இரண்டாவது நேராகக் குழிக்குக் குறுக்கே விழுந்தது. யில்வா தன் பட்டியலில் கடைசி ஆளின் பெயரை அடித்து மாற்றி எழுதினாள், அவருக்கு இரண்டு ஏலக்காய் பன் கொடுத்தாள். மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்றுதான். டோர்கெல் தன் பன்னை மென்றுகொண்டே, தன் பெருந்தன்மைக்கு எல்லை உண்டு, மூன்றாம் தடவை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று எல்லோருக்கும் அறிவித்தார்.

சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் இரண்டு பேரும் வீட்டுக்குப் பின்னால் நின்று, பெர்ரிப் புதருக்கு மேலாகக் கயிறு எறிந்தார்கள். அவள் திணித்ததை அவர் எறிந்தார், அவர் திணித்ததை அவள் எறிந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலில் நின்று, என்ன வயதில் என்ன விளையாட்டு என்பது போலப் பார்த்தார். கொட்டகைச் சுவரில் மற்றதெல்லாம் பழையபடி ஒழுங்காகத்தான் இருந்தது. இரண்டு கயிற்றுப் பைகள் மட்டும் வாய் பிதுங்கித் தொங்கின. அந்தப் பக்கம் போகும்போது ஃபோல்கே கொஞ்சம் வேகமாக நடப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காற்றே இல்லை. கறுப்புப் பனி கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடந்தது. அடியில் பாசியும் கல்லும் தெரிந்தன. பார்பரோ தடியால் ஒவ்வொரு தட்டாகத் தட்டிக்கொண்டு முன்னால் போனாள். பன்னிரண்டு பேருக்குப் பின்னால் ஃபோல்கே. தோளில் பை அசையும்போதெல்லாம் அதன் கனம் தெரிந்தது. முதல் ஒரு மணி நேரம் அவர் அவளுடைய சிவப்புக் குல்லாவையே பார்த்துக்கொண்டு போனார், எப்போது திரும்புவாள் என்று. அது திரும்பவில்லை. எங்கேயோ தூரத்தில் பனி விரிசல்விட்டு ஏரி நீளமாக முனகியது, நான்கு பேர் தலையைத் திருப்பினார்கள், அவள் திருப்பவில்லை. இரண்டாவது மணி நேரமும் அப்படித்தான். வியாழக்கிழமை நடந்ததை அவள் மனசில் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றத் தொடங்கியது. இருக்காதா பின்னே? இரண்டு குளிர்காலம்.

தீவின் வெயில் பக்கத்தில் எல்லோரும் காப்பிக்கு உட்கார்ந்தார்கள். பார்பரோ அவருக்குப் பக்கத்தில் பாயை விரித்து, பிளாஸ்க்கைத் திறந்தாள். ஃபோல்கே சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"இன்னைக்கு ஒரு தடவகூட நீ திரும்பிப் பாக்கல."

"ஆமா."

"முன்னெல்லாம் பாப்பியே."

அவள் காப்பியை ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். தன் கோப்பையில் ஊற்றிக்கொண்டாள். ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"முன்னெல்லாம் நீ வர்றியா, எங்கயாவது விழுந்து கெடக்குறியான்னு பாக்கணும். பின்னாடி ஆள் இருந்தா எதுக்குப் பாக்கணும்?"

ஃபோல்கே காப்பியைக் குடித்தார். பிறகு தோளிலிருந்த பையின் வாயைத் தொட்டுப் பார்த்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கயிற்றை அப்படியே விட்டுவிட்டார்.